உப்பில் மூலக்கூறு இல்லை, பிள்ளைகளே

நேற்றிரவும் அதே விடைதான். "சோடியம் இலத்திரனைக் கொடுக்கிறது, குளோரின் வாங்குகிறது, இதுவே அயன் பிணைப்பு. இதனால் சோடியம் குளோரைட்டு மூலக்கூறு உண்டாகிறது." வெள்ளவத்தையில் உயர்தர மாணவருக்கு இரசாயனவியல் கற்பிக்கத் தொடங்கிய நாளிலிருந்து இதற்குச் சிவப்பு மை செலவழித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று எழுதியவர் கெட்டிக்கார மாணவர் என்பதுதான் என்னை உறங்கவிடவில்லை.

இலத்திரன் கைமாறுவது பிணைப்பன்று. புத்தளத்து உப்பளத்தை நினைத்துப் பாருங்கள். கடல்நீர் வற்றி உப்பு விளைகிறது. அங்கே எந்தச் சோடியமும் எந்தக் குளோரினுக்கும் எதையும் கொடுக்கவில்லை. இரண்டும் கடலிலேயே அயன்களாக, அதாவது மின்னேற்றம் பெற்ற துணிக்கைகளாக, இருந்தவை. நீர் போனதும் எதிரெதிர் ஏற்றங்கள் ஒன்றையொன்று கவர்ந்து அடுக்காகின்றன. அந்தக் கவர்ச்சிதான் பிணைப்பு. கொடுக்கல் வாங்கலே பிணைப்பு என்றால் புத்தளத்து உப்பில் பிணைப்பே இல்லை என்றாகிவிடும்!

"சேர், கொடுத்த சோடியத்தோடுதானே அந்தக் குளோரின் நிற்கும்?" என்று ஒருவர் கேட்டார். இலத்திரனில் யார் பெயரும் எழுதியிருக்காது, தம்பி. திண்ம உப்பில் ஒவ்வொரு சோடியம் அயனையும் ஆறு குளோரைட்டு அயன்கள் சூழ்ந்திருக்கின்றன. ஒவ்வொரு குளோரைட்டையும் ஆறு சோடியங்கள். ஆறும் ஒரே தூரத்தில். இதில் எந்த ஒன்றைச் சோடியாகப் பிரித்து மூலக்கூறு என்பீர்கள்? (மிக உயர்ந்த வெப்பநிலையில் உப்பு ஆவியாகும்போது தனிச் சோடிகள் உண்டாவது உண்மை. அதைத் திண்மத்துக்குள் கொண்டுவராதீர்கள்.)

சோடியம் இலத்திரனைக் கொடுக்க "விரும்புகிறது" என்பதும் பிழை. மூலுக்கு 496 கிலோயூல் செலவிட்டுத்தான் அதைப் பிடுங்க வேண்டும். குளோரின் அணு அதை ஏற்கும்போது கிடைப்பது 349 மட்டுமே. இந்த நட்டத்தை அடைப்பது சாலகம், அதாவது அயன்களின் ஒழுங்கான அடுக்கு: வாயுநிலை அயன்கள் திண்மமாக அடுக்கப்படும்போது ஏறத்தாழ 787 கிலோயூல் வெளிவருகிறது.

1913இல் பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிர் கொண்டு இந்த அடுக்கைக் காட்டினார்கள். 1927இலும் ஹென்றி ஆம்ஸ்ட்ரோங் என்ற மூத்த இரசாயனவியலாளர், உப்பில் மூலக்கூறு இல்லை என்பதை ஏற்க முடியாதென்று 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதினார். அவரே தடுமாறிய இடம் இது. ஆகவே பிள்ளைகள் மீது எனக்குக் கோபம் இல்லை.

ஆனாலும் பரீட்சையில் சோடியத்துக்கும் குளோரினுக்கும் இடையே கோடு போடாதீர்கள். அது இலத்திரன்களைப் பகிர்ந்துகொள்ளும் பங்கீட்டுப் பிணைப்புக்குரிய கோடு. "மூலக்கூறு" என்ற சொல்லை வெட்டிச் "சூத்திர அலகு" என்று எழுதுங்கள்; NaCl என்பது அயன்களின் விகிதத்தை மட்டுமே காட்டுகிறது. திண்ம உப்பு மின்னைக் கடத்தும் என்று இனியொரு தாளில் காணக்கூடாது. அயன்கள் அசைய அது உருகவோ கரையவோ வேண்டும்.

சாதாரண தரத்துக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இலத்திரன்களைப் புள்ளியாலும் புள்ளடியாலும் காட்டும் வரிப்படத்தை வரைந்ததும் கரும்பலகையை அழித்துவிடாதீர்கள். அதன் பக்கத்திலேயே சாலகத்தின் ஒரு மூலையையாவது வரைந்துகாட்டுங்கள். பத்து நிமிடம் போதும்.