கை தூக்கினால் கவுன் ஏன் மேலே ஏறுகிறது?

குன்னூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வரும் ஜனவரியில் அவருடைய தங்கைக்குத் தேவாலயத்தில் திருமணம். வாங்கி வைத்திருக்கும் வெள்ளைக் கவுன் கையில்லாதது. உறைபனி விழும் மாதத்தில் தோள் தெரிய நிற்க முடியாது என்பதால், அதற்குக் கை வைத்துத் தரும்படி கேட்டிருக்கிறார்கள். தையற்காரரோ, "வைத்துத் தருகிறேன், ஆனால் பெண்ணால் கையைத் தூக்க முடியாது, கவுன் மொத்தமும் மேலே ஏறும்" என்று சொல்லிவிட்டாராம். அது ஏன் என்று வாசகி கேட்கிறார்.

தையற்காரர் சொன்னது உண்மை. அதற்கான காரணத்தைப் பள்ளிக்கூட வடிவியலைக் கொண்டே விளக்கிவிடலாம் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

தோள் ஒரு பந்துக் கிண்ண மூட்டு. கை எல்லாத் திசையிலும் சுழலும். துணியோ பாவும் ஊடையுமாக நெய்யப்பட்டது. நூலின் போக்கில் இழுத்தால் ஏறக்குறைய நீளவே நீளாது. உடையின் கைத் துணியில் மேல் வளைவை, ஆம்ஹோல் (உடம்புத் துணியில் கை பொருத்தும் குழி) வளைவைவிடச் சற்றுக் கூடுதலாக வெட்டிச் சுருக்கித் தைத்தால், அது தோளின் உருண்டையில் அழகாக உட்காரும். தையல் கற்ற எவருக்கும் இது தெரியும். சிக்கல் மேலே இல்லை, அக்குளில் இருக்கிறது.

கையில்லாத உடையில் துணி ஆம்ஹோலோடு முடிந்துவிடுவதால், கை எங்கே போனாலும் உடைக்குக் கவலையில்லை. கை வைத்துத் தைத்தவுடன், இடுப்பிலிருந்து அக்குள் வழியாக முழங்கை வரை ஒரே துணிப் பாதை உருவாகிவிடுகிறது. உடம்பின் பருமனை இப்போதைக்கு மறந்துவிட்டு, தோள் மூட்டிலிருந்து இடுப்புத் தையல் 40 செ.மீ. கீழேயும், முழங்கை 30 செ.மீ. தொலைவிலும் இருப்பதாகக் கொள்வோம். உடம்புத் துணியும் கைத் துணியும் சேரும் இடம் மூட்டுக்கு 10 செ.மீ. கீழே இருந்தால், கையைத் தொங்கவிட்ட நிலையில் துணி இடுப்பிலிருந்து 30 செ.மீ. மேலேறி, அங்கே திரும்பி, முழங்கைக்கு 20 செ.மீ. இறங்குகிறது. ஆக மொத்தம் 50 செ.மீ. துணி. இப்போது கையைப் பக்கவாட்டில் கிடைமட்டமாக நீட்டினால், 40க்கும் 30க்கும் இடையே ஒரு செங்கோண முக்கோணம் அமைகிறது. அதன் கர்ணம் 50. இருக்கிற துணி அப்படியே போதுமானதாகிவிடுகிறது.

அதே சேருமிடத்தை மூட்டுக்கு 15 செ.மீ. கீழே வரும்படி இறக்கிப் பாருங்கள். மேலேறும் துணி 25, இறங்கும் துணி 15, மொத்தம் 40 தான். தேவைப்படுவதோ அதே 50. குறைகிற 10 செ.மீட்டரை நீளாத நூலால் கொடுக்க முடியாது. எனவே இடுப்புத் தையல் மேலே வருகிறது, அதோடு பாவாடையும் எழும்புகிறது. சேருமிடம் ஒரு செ.மீ. இறங்கினால் துணி இரண்டு செ.மீ. குறைகிறது, ஏனெனில் ஏறும் வழியிலும் இறங்கும் வழியிலும் இழப்பு நேர்கிறது. நிஜ உடம்பில் சதையும் மடிப்பும் இருப்பதால் எண்கள் மாறும். ஆனால் இந்த இரட்டை இழப்பு மாறாது.

இதனால்தான், "இறுக்கமாக இருக்கிறது, ஆம்ஹோலை இன்னும் இறக்கி வெட்டுங்கள்" என்று கேட்பது பெரும்பாலும் எதிர்விளைவைத் தருகிறது. சேலைக்குப் போடும் ரவிக்கை உடம்பை ஒட்டியே இருக்கிறது. ஆனாலும் அதன் ஆம்ஹோல் அக்குளுக்கு நெருக்கமாக இருப்பதால், அதை அணிந்தவர் கொடியில் துணி காயப்போட முடிகிறது. தொளதொளவென்ற சட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு அதே வேலையைச் செய்தால், சட்டை வெளியே வந்துவிடுகிறது. விலை உயர்ந்த ஆராய்ச்சிக் கருவி எதுவும் இல்லாமல், அளவு நாடாவையும் அனுபவத்தையும் வைத்து இதைக் கண்டுகொண்ட தையற்காரர்களை நான் பொறியாளர்களாகவே மதிக்கிறேன்.

குன்னூர்க் கவுனுக்கு வருவோம். கையில்லாக் கவுனில் ஆம்ஹோலைத் தாழ வெட்டியிருந்தால், முதலில் பக்கத் தையலை அக்குளுக்குக் கீழே சிறிது பிரித்து, துண்டு வைத்துக் குழியை உயர்த்த வேண்டும். அதற்கான துணி பெரும்பாலும் கவுனின் பின்புறம் தரையில் இழுபடும் பகுதியிலேயே கிடைத்துவிடும். அப்படியும் ஒரு குறை இருக்கும். வரவேற்பில் மாலை மாற்றும்போது கை தோளுக்கு மேலே எழ வேண்டும். கை 120 பாகைக்கு எழுந்தால், இடுப்புக்கும் முழங்கைக்கும் உள்ள தூரம் ஏறத்தாழ 61 செ.மீ. ஆகிவிடுகிறது. 50 செ.மீ. துணிக்கு இன்னும் 11 வேண்டும். அக்குளைத் தாண்டி ஆம்ஹோலை உயர்த்த இயலாது.

பழைய ஜிப்பாக்களின் அக்குளில் இருக்கும் சிறு சதுரத் துண்டு இந்த இடத்தில்தான் உதவுகிறது. 7 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரத்தை, ஒரு மூலை இடுப்பையும் எதிர்மூலை முழங்கையையும் பார்க்கும்படி அக்குளில் பொருத்தினால், அதன் மூலைவிட்டமான 10 செ.மீ. பாதையில் கூடுகிறது. நூல்கள் சதுரத்தின் பக்கங்களை ஒட்டி ஓடும்படி வெட்டியிருந்தால், அதற்குமேல் ஒரு பலனும் உண்டு. ஒரு கைக்குட்டையை எடுத்து நேராக இழுத்துவிட்டு, பிறகு எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். இரண்டாவது முறை அது தாராளமாக நீளும். அங்கே ஒரு நூல்கூட நீளவில்லை. நூல்களுக்கு இடையிலான கோணம் மட்டும் மாறி, சதுரக் கண்கள் சாய்சதுரங்களாகின்றன. நமது துண்டில் அந்தக் கோணம் 90லிருந்து 60 பாகையாகக் குறைந்தால், மூலைவிட்டம் 10லிருந்து 12 செ.மீ. ஆகிறது, குறுக்கே அகலம் 7 ஆகச் சுருங்குகிறது. தேவைப்பட்ட 11 கிடைத்துவிட்டது. பக்கங்கள் நீள வேண்டியதே இல்லை என்பதால் தையலுக்கும் சிரமம் குறைவு. துணியை மூலைவாக்கில் வைத்து வெட்டும் கிராஸ் கட்டிங் ரவிக்கை உடம்பில் படிவதும் இதே காரணத்தால்தான்.

ரஷ்யக் கணிதவியலாளர் செபிஷேவ் 1878இல் பாரிஸில் துணி வெட்டுதலைப் பற்றியே ஓர் உரை நிகழ்த்தினார். நீளம் மாறாத, கோணம் மட்டும் மாறும் நூல்வலையாகத் துணியை அவர் கருதினார். அத்தகைய வலைகள் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றன. துணியைக் கணிதத்துக்குத் தகுதியான பொருளாக அவர் எண்ணினார். நம் நாட்டில் நூற்பு, நெசவு ஆய்வுகளுக்குக் கோயம்புத்தூரில் 1956 முதல் தனி நிறுவனமே இருக்கிறது. அசையும் உடம்பில் தைத்த உடை எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கும் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மணப்பெண்ணின் உடையில் கத்தரி வைத்தால் ஆகாது என்று வீட்டில் ஒரு பெரியவர் தடுப்பதாகவும் வாசகி எழுதியிருக்கிறார். அந்த அச்சத்துக்கு எந்த அடிப்படையும் இல்லை. அதற்காக ஒரு பெண் தன் திருமண நாளில் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்பது நியாயமும் இல்லை.

கைக்கு நெட் துணியைத் தேர்ந்தெடுத்தால் வேலை எளிது. அதன் அறுகோணக் கண்கள் பல திசைகளிலும் உருமாறிக் கொடுக்கும். ஆனால் கண்கள் வழியே காற்று புகுவதால் வெப்பம் தங்காது. உள்ளே மெல்லிய லைனிங் வைக்கத்தான் வேண்டும். அந்த லைனிங் நீளாத துணியானால், அதற்கும் அக்குள் துண்டு தேவை. கவுனில் கை வைப்பதற்கு முன், காடாத் துணியில் ஒரு மாதிரிக் கை வெட்டிக் கவுனோடு தற்காலிகமாக இணைத்து, தங்கையை மாலை போடும் உயரத்துக்குக் கையைத் தூக்கச் சொல்லி, இடுப்புத் தையலைக் கவனியுங்கள். அது எத்தனை செ.மீ. எழும்புகிறதோ, அந்த அளவுக்குத் துண்டின் மூலைவிட்டத்தைக் கூட்டினால் போதும்.