இயற்கைப் பெண்ணியமா, சூழற்பெண்ணியமா?

சென்ற வாரம் ஒரு நூல் விமர்சனக் கூட்டத்தில் 'இயற்கைப் பெண்ணியம்' என்ற சொல் ஒன்பது முறை காதில் விழுந்தது. எண்ணத் தொடங்கிய பிறகான கணக்கு இது.

பெண் ஒடுக்கப்படுவதையும் இயற்கை அழிக்கப்படுவதையும் இணைத்துப் பார்க்கும் 'எக்கோஃபெமினிஸ'த்துக்குத் தமிழில் ஒட்டிய பெயர் அது. மூலச்சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. 1974இல் பிரெஞ்சுப் பெண்ணிய எழுத்தாளர் பிரான்சுவாஸ் தோபோன் தம் நூலில் வழங்கிய சொல். முன்னால் நிற்கும் 'எக்கோ'வுக்கு வேர் கிரேக்க 'ஒய்க்கோஸ்'. பொருள்: வீடு.

வீடு எப்படி இயற்கை ஆயிற்று? தமிழில் இயற்கைக்கு எதிர் செயற்கை. அப்படியானால் மற்றப் பெண்ணியங்கள் எல்லாம் செயற்கையா? இயற்கை உரம், இயற்கை வேளாண்மை என்று பழகிய காதுக்கு இது பூச்சிமருந்து தெளிக்காமல் விளைந்த பெண்ணியம் என்றே படும். சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால், பெண் பிறவியிலேயே காட்டுக்கும் ஆற்றுக்கும் நெருக்கமானவள் என்ற கருத்தையும் இச்சொல் சத்தமில்லாமல் உள்ளே கொண்டுவந்துவிடுகிறது. இந்தியப் பொருளியலாளர் பீனா அகர்வால் 1992இலேயே அதை மறுத்தார். விறகும் நீரும் சுமப்பது யார், நிலம் யார் கையில் என்று பாருங்கள் என்பது அவர் வாதம்.

அந்த விமர்சனக் கூட்டத்தில் பேசப்பட்டது சிக்கசா பழங்குடியைச் சேர்ந்த லிண்டா ஹோகனின் 'சோலார் ஸ்டார்ம்ஸ்' (1995). கனடாவின் ஜேம்ஸ் விரிகுடா நீர்மின் திட்டத்தைப் பின்புலமாகக் கொண்ட நாவல். நான்கு பெண்கள் துடுப்புப் படகுகளில் வடக்கே போகிறார்கள். அவர்களில் மூத்தவரான டோரா-ரூஜ் நடக்க முடியாதவர். பிறந்த மண்ணில் சாக வேண்டும் என்பவர். அவரைச் சுமந்துதான் கரையேற வேண்டும். ஆற்றைத் திருப்பினால் மூழ்கப்போவது அவர்களுடைய ஊர். பேச்சாளரோ அவர்களை 'இயற்கையின் புதல்விகள்' என்று வாழ்த்திவிட்டு அமர்ந்தார்.

அதே 1974இன் மார்ச்சில், இன்றைய உத்தராகண்டின் ரேணி கிராமத்தில் மரம் வெட்ட வந்தவர்களை மறித்த கௌரா தேவி, காட்டை 'மாய்கா' என்றார். பிறந்த வீடு! ஒய்க்கோஸுக்கு இதைவிட நல்ல மொழிபெயர்ப்பு எங்கே கிடைக்கும்? நம் மொழிபெயர்ப்பாளர்களோ அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள்.

என் தேர்வு சூழற்பெண்ணியம். சூழ்வது என்றாலே நடுவில் ஆள் இருந்தாக வேண்டும். 'அரசியல் சூழ'லோடு குழம்பும் என்பார்கள். சுற்றுச்சூழல் துறைப் பலகையைப் பார்த்து எவரும் குழம்பியதாகத் தெரியவில்லை. 'பசுமைப் பெண்ணியம்' பனிநிலத்துப் பெண்களை வாசலிலேயே நிறுத்திவிடும். றகரப் புணர்ச்சி உறுத்தினால் 'சூழல் பெண்ணியம்' என்று பிரித்தே எழுதுங்கள். அதில் எனக்கு வழக்கில்லை.