அரைவேக்காட்டு முட்டை: உங்கள் வீட்டில் யாருக்கெல்லாம் கொடுக்கலாம்?

உணவு ஆலோசனைக்கு வருபவர்களிடம் காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், "ரெண்டு முட்டை, அரைவேக்காடா" என்ற பதில் அடிக்கடி வரும். ஜிம்முக்குப் போகிற ஆரோக்கியமான இளைஞர் அப்படிச் சொன்னால் முட்டை எங்கே வாங்குகிறார், எப்படி வேகவைக்கிறார் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். அதையே ஏழு மாதக் கர்ப்பிணி சொன்னாலோ, சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர் சொன்னாலோ, "அப்பாவுக்குப் பல் இல்லை, அதனால் அரைவேக்காடாகக் கொடுக்கிறேன்" என்று ஒரு மகள் சொன்னாலோ, மற்ற பேச்சை நிறுத்திவிட்டு முதலில் இதைத்தான் பேச வேண்டியிருக்கிறது.

பிரச்சினை, வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கொண்டுவரும் சால்மொனெல்லா என்ற பாக்டீரியா. கோழியின் எச்சம் பட்டு ஓட்டின் மேல் அது இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியும். அதனால் "நல்லா கழுவிட்டுத்தான் போடுறோம் மேடம்" என்பார்கள். ஆனால் இதில் எண்டரைடிடிஸ் என்றொரு வகை, கோழிக்குள் மஞ்சள் கரு உருவாகும் சூலகத்திலேயே தங்கக்கூடியது. ஓடு உருவாகும் முன்பே அது முட்டைக்குள் போய்விடுகிறது. அப்படிப்பட்ட முட்டையில் நிறமும் மணமும் மாறியிருக்காது. கோழியும் நோஞ்சானாக இருக்க வேண்டியதில்லை. தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பது முட்டை பழசா புதுசா என்பதைத்தான் சொல்லும், உள்ளே கிருமி இருக்கிறதா என்பதைச் சொல்லாது. நாட்டுக்கோழி முட்டைக்கும் இதில் விலக்கு இல்லை.

எல்லா முட்டையிலும் கிருமி இருக்கிறது என்று பயமுறுத்த வரவில்லை. பெரும்பாலான முட்டைகளில் இருக்காது. எந்த முட்டையில் இருக்கிறது என்று நம்மால் கண்டுபிடிக்க முடியாது, அதுதான் சிக்கல். அதிலும் முட்டை நாட்பட, மஞ்சள் கருவைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு தளர்ந்துவிடும். உள்ளே ஓரிரண்டு கிருமி இருந்தால், அதன் பிறகு சத்து கிடைத்து வேகமாகப் பெருகும். நம் ஊர் வெயிலில், கடை வாசலில் அட்டை அட்டையாக அடுக்கியிருக்கும் முட்டைக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

யூடியூபில் லண்டன் சமையல்காரர் ஒருவர் மஞ்சள் கரு வழிய வழிய முட்டையை உடைத்து ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடுகிறாரே, அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் ஆகியிருக்கிறது. 1988 டிசம்பரில், நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சால்மொனெல்லாவால் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பிரிட்டன் சுகாதாரத் துறையின் இளைய அமைச்சர் எட்வினா கரி சொன்னார். முட்டை விற்பனை சரிந்தது, இரண்டே வாரத்தில் அவர் பதவி விலகினார். அதற்குப் பிறகு அங்கே கோழிகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். 1998 முதல், அப்படி வளர்க்கும் பண்ணைகளின் முட்டைகளில் சிங்க முத்திரை குத்தப்படுகிறது. முத்திரை உள்ள முட்டையைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியவர்களும் அரைவேக்காடாகச் சாப்பிடலாம் என்று அந்நாட்டு உணவுத் தர அமைப்பு சொன்னது 2017இல்தான். நாம் வாங்கும் முட்டை எந்தப் பண்ணையில், எந்தத் தேதியில் இட்டது என்று பெரும்பாலும் அதன் மேல் எழுதியிருப்பதில்லை. அதனால் அவர்கள் தைரியத்தை இங்கே அப்படியே கடன் வாங்க முடியாது.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு, பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை விதித்ததும் இதே மாதிரிக் கிருமிகளை நினைத்துத்தான். அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பிள்ளைக்கு ஷவர்மா வாங்கித் தருவதை நிறுத்திய பெற்றோர்களை எனக்குத் தெரியும். ஆனால் வீட்டில் ஊற்றித் தரும் ஆஃபாயிலை அவர்கள் இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

வெப்பக் கணக்கு இதுதான். வெள்ளைக் கரு 62 டிகிரி செல்சியஸ் வாக்கில் இறுகத் தொடங்கும். மஞ்சள் கரு 65ஐ ஒட்டித் தடிக்கும், 70இல் இறுகிவிடும். முட்டை உணவுகளுக்கு அமெரிக்க வேளாண் துறை சொல்லும் பாதுகாப்பான அளவு 71 டிகிரி. ஆக, மஞ்சள் கரு ஓடுகிறது என்றாலே அந்த அளவை அது எட்டவில்லை என்று பொருள். அப்படி ஒரு முட்டையை ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், 65 வயதைத் தாண்டியவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள், நாள்பட ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் ஆகியோருக்குக் கொடுக்க வேண்டாம். இதில் நான் சமரசம் செய்துகொள்வதில்லை.

ஆரோக்கியமானவர்கள் ஆசைப்பட்டால் சாப்பிடட்டும், அதையாவது ஒழுங்காகச் செய்யலாம். விற்பனை வேகமாக இருக்கும் கடையில், விரிசலும் அழுக்கும் இல்லாத முட்டையாக வாங்குங்கள். வந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள், முன்கூட்டியே கழுவி வைக்காதீர்கள். ஈரத்தோடு சேர்ந்து அழுக்கு ஓட்டின் நுண்துளை வழியே உள்ளே போகும். பாத்திரத்தில் தண்ணீரை முதலில் நன்றாகக் கொதிக்கவிட்டு, அப்புறம் கரண்டியில் வைத்து முட்டையை மெதுவாக இறக்குங்கள். 50, 55 கிராம் எடையுள்ள நம் ஊர் முட்டை ஃபிரிட்ஜிலிருந்து நேராக வந்தால் ஆறு நிமிடம், வெளியே இருந்தது என்றால் ஐந்து நிமிடம். வெள்ளை இறுகி மஞ்சள் ஓடும் பதம் வரும். உடனே குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள், இல்லையென்றால் உள்சூட்டில் வெந்துகொண்டே இருக்கும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்கள் ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெள்ளைக் கரு கண்ணாடி மாதிரி கொழகொழவென்று இருந்தால் யாருக்குமே வேண்டாம், திரும்ப வேகவையுங்கள். ஆஃபாயில் என்றால் ஒரு மூடி போட்டால் போதும், மேலே இருக்கும் வெள்ளையும் ஆவியில் வெந்துவிடும்.

செய்த உடனே சாப்பிட்டுவிட வேண்டும். டிபன் பாக்ஸில் அரைவேக்காட்டு முட்டையை வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவே கூடாது. கொல்லப்படாத கிருமிக்கு மூன்று நான்கு மணி நேர இளஞ்சூடு தாராளம்.

அரைவேக்காட்டில்தான் சத்து அதிகம் என்ற நம்பிக்கை எங்கிருந்தோ வேரூன்றிவிட்டது. இதன் உச்சம், வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்குப் பச்சை முட்டையை உடைத்து நல்லெண்ணெயோடு வாயில் ஊற்றும் வழக்கம். அந்தப் பாட்டிகளின் அக்கறை எனக்குப் புரிகிறது. அந்த வயதில் புரதமும் கொழுப்பும் கூடுதலாகத் தேவை என்று அவர்கள் நினைத்ததும் சரி. ஆனால் பச்சை முட்டையின் புரதம் முழுசாக உடம்பில் சேர்வதில்லை. 1998இல் பெல்ஜியத்தில் செய்த ஓர் ஆய்வில், வெந்த முட்டையின் புரதம் 90 சதவீதம் அளவுக்குச் செரித்தது, பச்சை முட்டையில் பாதிதான். வெந்தால்தான் அந்தப் புரதம் அவிழ்ந்து செரிமானத்துக்கு வசமாகிறது. அதனால் பாட்டி, அதே முட்டையை அதே நல்லெண்ணெயில் மிளகு தூவி நன்றாகப் பொரித்துக் கொடுங்கள், உளுந்தங்களியும் கிண்டிக் கொடுங்கள். பேத்தி முகம் சுளிக்காமல் சாப்பிடுவாள், உடம்பிலும் சேரும்.

முழுசாக வெந்த முட்டை தொண்டையில் அடைக்கிறது, பொடிப்பொடியாக உதிர்கிறது என்பதால் அரைவேக்காட்டுக்குப் போனவர்களும் நிறைய பேர். அவர்கள் வீட்டில் முட்டை இருபது நிமிடம் அடுப்பில் கிடக்கிறது. மஞ்சள் கருவைச் சுற்றி பச்சையும் சாம்பலுமாக ஒரு வளையம் தெரிந்தால் நேரம் கூடிவிட்டது என்று அர்த்தம். கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் வைத்து, குளிர்ந்த நீருக்கு மாற்றிப் பாருங்கள். மஞ்சள் கரு இறுகியும் இருக்கும், ஈரப்பதமும் போகாது. பல் இல்லாத அப்பாவுக்கு அதைக் கொஞ்சம் பால் அல்லது வெண்ணெய் விட்டு மசித்துக் கொடுத்தால் போதும்.

ஒருவேளை சாப்பிட்ட பிறகு வயிற்றைக் கலக்கினால், நேற்று ராத்திரி சாப்பிட்டதை மட்டும் யோசிக்காதீர்கள். இந்தக் கிருமி ஆறு மணி நேரத்திலும் வேலையைக் காட்டலாம், சில நாள் கழித்தும் காட்டலாம். வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வயிற்றைப் பிசையும் வலி பொதுவாக நான்கிலிருந்து ஏழு நாளில் தானாகவே அடங்கும். அதுவரை உப்புச்சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மருந்துக்கடையில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள், எல்லோருக்கும் அது தேவைப்படாது. மலத்தில் ரத்தம், 102 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் காய்ச்சல், சிறுநீர் குறைந்துபோவது, எதைக் குடித்தாலும் வாந்தி, இவற்றில் ஒன்று வந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நான் மேலே சொன்ன பட்டியலில் இருப்பவர்கள் இவற்றுக்காகக் காத்திருக்காமல் முதல் நாளே போக வேண்டும். கடந்த ஒரு வாரத்தில் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ முட்டை சாப்பிட்டிருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.