மாடிக்குப் போகும் பழைய டெலிபோன் ஒயர்

பிரிட்டனில் வீடு வீடாகப் போய் டெலிபோன் லைன் பார்ப்பது என் வேலை. "நெட் ஸ்லோ" என்று கூப்பிடுபவர்களில் பலர் அதற்குள் புது ரவுட்டர் வாங்கியிருப்பார்கள், இல்லையென்றால் பேக்கேஜை மாற்றியிருப்பார்கள். மெயின் சாக்கெட்டிலிருந்து மாடி அறைக்கு இழுத்த எக்ஸ்டென்ஷன் ஒயரை மட்டும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். (வீட்டுக்குள்ளேயே ஃபைபர் வந்துவிட்டவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. தெருமுனைப் பெட்டி வரை ஃபைபர், அப்புறம் செம்பு என்றால் உண்டு.)

லைனுக்குத் தேவை இரண்டே கம்பிகள். சாக்கெட்டில் அவை 2, 5 என்ற எண்களில் இருக்கும். 3-ஆம் எண்ணில் பெரும்பாலும் ஆரஞ்சு நிறத்தில் இன்னொன்று இருக்கும். அது பழைய போன்களில் மணி அடிக்க வைத்தது, இன்றைய போன்களுக்கு வேண்டியதில்லை. முறுக்கிய இரண்டு கம்பிகளிலும் இரைச்சல் ஒரே அளவில் ஏறுவதால் ரவுட்டருக்குள் இருக்கும் மோடம் அதைக் கழித்துவிடும். மணிக்கம்பியோ ஒரு கம்பியோடு மட்டும் கண்டென்சர் வழியாகச் சேர்ந்திருக்கிறது. அதனால் சமநிலை கெட்டு, வீட்டிலுள்ள இரைச்சலையெல்லாம் ஏரியல் போல இழுத்துக்கொள்கிறது. பேச்சு 3,400 ஹெர்ட்ஸுக்குள் முடிந்துவிடும். செம்புக் கம்பியில் நெட் கொண்டுவரும் முறைகளில் ஏடிஎஸ்எல்2+ 2.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், விடிஎஸ்எல் 17 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் போகும். போனில் குரல் தெளிவாகக் கேட்டும் நெட் நொண்டுவது இதனால்தான்.

சோதிப்பது சுலபம். வெளியிலிருந்து லைன் வந்து சேரும் மாஸ்டர் சாக்கெட்டின் கீழ்ப்பாதி தனியாகக் கழலும் வகை என்றால், அதன் இரண்டு திருகுகளைக் கழற்றி முன்னால் இழுங்கள். எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் லைனிலிருந்து துண்டாகி, உள்ளே ஒரு டெஸ்ட் சாக்கெட் தெரியும். ஃபில்டரோடு (பேச்சையும் நெட்டையும் பிரிக்கும் சின்னப் பெட்டி) ரவுட்டரை அதில் செருகி, லேன் கேபிளில் பாருங்கள். வைஃபையை நம்ப வேண்டாம். பிரவுசரில் திறக்கும் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் சிங்க் வேகமும் (லைனில் மோடம் பிடிக்கும் வேகம்) நாய்ஸ் மார்ஜினும் (இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு தாங்கும் என்ற அளவு) ஏறினால் குற்றவாளி வீட்டுக்குள்தான். ஏறாவிட்டால் லேண்ட்லைன் போனில் 17070 அடித்து, 'குவைட் லைன் டெஸ்ட்' (லைனில் இரைச்சல் இருக்கிறதா என்ற சோதனை) தேர்ந்தெடுத்துக் கேளுங்கள். கரகர சத்தம் வந்தால் கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள்.

எக்ஸ்டென்ஷன் வேண்டுமென்றால், கழற்றிய கீழ்ப்பாதியின் பின்பக்கம் 3-இலிருக்கும் கம்பியை மட்டும் எடுத்துவிட்டாலே பல வீடுகளில் போதும். இன்னும் நல்லது, ஃபில்டர் உள்ளேயே இருக்கும் முகப்புத் தகடு. அது ஒன்று போட்டால் அறைக்கு அறை ஃபில்டர் தேட வேண்டாம். சுவரோடு நிற்கும் பின்பாதி, லைன்களைப் பராமரிக்கும் ஓப்பன்ரீச் கம்பெனியுடையது, அதில் கை வைக்காதீர்கள். மணி அடிக்கும் நேரத்தில் கம்பியைத் தொட்டால் ஷாக்கும் அடிக்கும்.

சரிசெய்தபின் ரவுட்டரை அடிக்கடி அணைத்துப் போடாதீர்கள். லைன் நிலையற்றது என்று எக்ஸ்சேஞ்ச் பக்கத்து அமைப்பு தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும். சில நாள் விட்டுப் பிடியுங்கள்.

2027 ஜனவரியோடு பழைய டெலிபோன் சேவை நிறுத்தப்பட இருக்கிறது. போன் ரவுட்டருக்கு மாறிய வீட்டிலும் பிராட்பேண்ட் செம்பிலேயே வரலாம். அங்கே எக்ஸ்டென்ஷனை மொத்தமாகக் கழற்றிவிடலாம். ஆனால் திருட்டு அலாரமோ, வயதானவர்கள் கழுத்தில் போடும் அவசர பட்டனின் பெட்டியோ அந்த ஒயரில் தொங்குகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.