‘தற்கொலை அபாயம்’: அபாயமா, இடரா?

மருத்துவமனைக் குறிப்பேட்டில் ‘சூசைடு ரிஸ்க்’ என்று இருப்பது தமிழுக்கு வரும்போது ‘தற்கொலை அபாயம்’ ஆகிவிடுகிறது. மின்கம்பத்தில் மண்டையோட்டுப் படத்துக்குக் கீழே எழுதியிருக்கும் அதே அபாயம்தான். தொட்டால் உயிர் போகும், எட்டி நில் என்கிறது அந்தப் பலகை. மனச்சோர்வோ இருமுனைக் கோளாறோ உள்ள ஒருவரைப் பற்றி மருத்துவர் ‘ரிஸ்க்’ என்று எழுதினால், அவர் சொல்லவருவது இதற்கு நேரெதிர்: இவரை விட்டு விலகாதீர்கள்.

‘அபாயம்’ வடசொல். விலகிப்போதல், அழிவு என்பது அதன் வேர்ப்பொருள். அடைக்கலத்தைக் குறிக்கும் ‘அபயம்’ வேறு வேரில் பிறந்தது. ஆனாலும் தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு துணைக்கால்தான். ‘ரிஸ்க்’ பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. கடல் வாணிகத்திலும் காப்பீட்டிலும் புழங்கிய சொல். கப்பல் மூழ்கும் என்று அது சொல்லவில்லை. மூழ்கவும் கூடும், அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொள் என்றது.

தமிழில் இதற்கு ‘இடர்வாய்ப்பு’ என்ற ஆக்கம் புழக்கத்தில் இருக்கிறது. நிகழ்தகவைச் சரியாகத்தான் சொல்கிறது, ஆனால் ‘வாய்ப்பு’ நற்பொருளில் ஒலிப்பதால் தற்கொலையோடு சேர்த்துச் சொல்ல நா கூசும். ‘இடர்’ போதும், ஏறி இறங்குவது என்று காட்டவேண்டிய இடத்தில் ‘இடர்நிலை’. ‘இடர்களையாய்’ என்று திருநெடுங்களத்தில் சம்பந்தர் பாடிய சொல் இது. களையத்தக்கது என்ற எண்ணம் அதோடு ஒட்டியே வருகிறது. அபாயத்தில் அது இல்லை.

‘தற்கொலை’யின் இலக்கணம் எளிது: தன் + கொலை. தற்காப்பு, தற்பெருமை போலத்தான் ‘ன்’ ‘ற்’ ஆகிறது. சிக்கல் ‘கொலை’யில் இருக்கிறது, அதற்குள் குற்றம் உட்கார்ந்திருக்கிறது. சட்டமும் நெடுங்காலம் அப்படித்தான் பார்த்தது. இலங்கை 1998இல் தற்கொலை முயற்சியைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல், முயற்சியைத் தண்டித்த பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவே இல்லை. பொது ஊழியரைக் கட்டாயப்படுத்தவோ அவர் கடமையைத் தடுக்கவோ செய்யும் தற்கொலை முயற்சி மட்டும் தண்டனைக்குரியதாக நிற்கிறது. ‘உயிர்மாய்ப்பு’ கொஞ்சம் மென்மையான சொல். ஆனால் நோயாளியிடம் கேட்கும்போது மழுப்பாத சொல்லே நல்லது. தவிர்க்கவேண்டியவை ‘தோல்வியடைந்த முயற்சி’, ‘வெற்றிகரமான தற்கொலை’ போன்ற தொடர்கள். உயிர் பிழைத்ததைத் தோல்வி என்று எந்த மொழியிலும் எழுதக்கூடாது.

அடுத்த சொல் ‘மனநிலைக் கோளாறு’, அதாவது மூட் டிஸார்டர். ‘மனநிலை பாதிக்கப்பட்டவர்’ என்று செய்தித்தாள்கள் எழுதி எழுதி, ‘மனநிலை’ என்றாலே சித்தம் கலங்கியவர் என்று காதில் விழுகிறது. இங்கே அது பொருளல்ல. நாள்கணக்கில், வாரக்கணக்கில் மனத்தில் தங்கும் உணர்வின் நிறம்தான் மனநிலை. அது தாழ்ந்தே கிடந்தால் மனச்சோர்வு; தாழ்வும் மிகையெழுச்சியும் மாறிவந்தால் இருமுனைக் கோளாறு. ‘மன அழுத்தம்’ என்று பலர் மனச்சோர்வைச் சொல்கிறார்கள். டிப்ரஷனின் இலத்தீன் மூலத்துக்குக் ‘கீழே அழுத்து’ என்றே பொருள் என்பதால் அதில் தவறில்லை. ஆனால் வேலைச்சுமை, தேர்வுப் பதற்றம் எல்லாவற்றுக்கும் அதே சொல் போய்விட்டதால், நோயைச் சொல்ல மனச்சோர்வே தெளிவு.

சரி, இடர் எவ்வளவு? ‘மனச்சோர்வு உள்ளவர்களில் 15 விழுக்காட்டினர் தற்கொலையால் இறப்பார்கள்’ என்ற கணக்கு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 1970இல் கூஸ், ராபின்ஸ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் தந்த எண் அது. ஆய்வுக்காலத்தில் இறந்தவர்களில் எத்தனை பேர் தற்கொலையால் இறந்தார்கள் என்று பார்த்த கணக்கு. நோயாளிகள் இளையவர்களாக இருக்கும்போது மற்றக் காரணங்களால் ஏற்படும் சாவு குறைவு. ஆகவே தற்கொலையின் பங்கு ஊதித் தெரியும். போதாததற்கு, கணக்கில் வந்தவர்கள் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு நோய் முற்றியவர்கள். 2000ஆம் ஆண்டில் போஸ்ட்விக், பன்கிராட்ஸ் இருவரும் இதைப் பிரித்துக் கணக்கிட்டார்கள். தற்கொலை எண்ணத்துக்காகவோ முயற்சிக்காகவோ உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டவர்களில் வாழ்நாள் இடர் 8.6 விழுக்காடு, தற்கொலை பற்றிய குறிப்பில்லாமல் சேர்க்கப்பட்ட மனநிலைக் கோளாறு நோயாளிகளில் 4, உள்நோயாளிகளும் வெளிநோயாளிகளும் கலந்த தொகுதிகளில் 2.2, மனநிலைக் கோளாறு இல்லாதவர்களில் அரை விழுக்காட்டுக்கும் கீழ். மிகப் பெரும்பாலோர் தற்கொலையால் இறப்பதில்லை. அதே வேளையில், பொதுமக்களோடு ஒப்பிட்டால் இடர் பல மடங்கு. இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி மற்றதை விடும்போதுதான் குடும்பம் ஒன்று பீதியடைகிறது, இல்லையேல் அசட்டையாகிறது.

இந்த எண்கள் கூட்டத்தைப் பற்றியவை. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றியவை அல்ல. 50 ஆண்டுகளில் வெளிவந்த 365 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் ஒரு பகுப்பாய்வு வந்தது. யார் தற்கொலைக்கு முயல்வார் என்று முன்கூட்டிச் சொல்வதில் அறியப்பட்ட காரணிகள் எதுவும், தனித்தனியாக எடுத்தால், நாணயம் சுண்டுவதைவிடப் பெரிதாக மேலானதல்ல என்பது அதன் முடிவு. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டவர்களைக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று தரம்பிரித்து அதை வைத்துச் சிகிச்சையை முடிவுசெய்யாதீர்கள் என்றே சொல்லிவிட்டது. ‘அதிகம்’ என்று முத்திரை விழுந்தவரில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். ‘குறைவு’ என்று எழுதி அனுப்பப்பட்டவர்களிடையேதான் பல இறப்புகள் நேர்கின்றன.

அப்படியானால் எதைப் பார்ப்பது? இடர்நிலை ஏறும் வேளைகளை. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரமும் முதல் சில மாதங்களும் முதன்மையானவை. ‘குணமாகிவிட்டது’ என்று வீடு நிம்மதியடைவதும் அப்போதுதான். முன்பு ஒருமுறை முயன்றிருந்தால், அதை வலுவான குறியாகக் கொள்ளவேண்டும். இருமுனைக் கோளாறில் கலப்புநிலை என்று ஒன்று உண்டு: மனம் தாழ்ந்திருக்கும், உடலோ பரபரத்து ஓரிடத்தில் நிற்காது, தூக்கம் வராது. வெறும் சோர்வில் செய்யும் ஆற்றல் பெரும்பாலும் குறைந்திருக்கும். கலப்புநிலையில் ஆற்றலும் இருக்கிறது. மனச்சோர்வு மருந்து தொடங்கிய அல்லது அளவு மாற்றிய முதல் வாரங்களில் 25 வயதுக்குட்பட்டவர்களை அடிக்கடி பார்க்கவேண்டும். மது, கடன், அவமானம், உறவு முறிவு இவற்றோடு சேர்ந்தால் இடர் கூடும். எதிர்த்திசையில், இருமுனைக் கோளாறுக்குத் தரும் லித்தியம் தற்கொலை இடரைக் குறைப்பதாக நீண்டகாலச் சான்று உண்டு.  நன்றாக இருக்கிறதே என்று அதைத் திடீரென நிறுத்துவது வழக்கமான பிழை. இடர் அப்போது மீண்டும் ஏறுகிறது.

‘தற்கொலை எண்ணம்’ என்ற தொடரை நோயாளி சொல்லமாட்டார். ‘தூங்கி எந்திரிக்கவே கூடாதுன்னு இருக்கு’, ‘நான் போயிட்டா உங்களுக்கெல்லாம் நிம்மதி’, ‘யாருக்கும் பாரமா இருக்க வேணாம்’ என்பார். உடம்பெல்லாம் வலி என்று மட்டும் சொல்பவரும் உண்டு. கேட்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. வாழப் பிடிக்காமல் போயிருக்கிறதா? உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்ததா? எப்படி என்று யோசித்தீர்களா? செய்துவிடுவது என்று நினைத்தீர்களா? அதற்காக ஏதாவது ஏற்பாடு செய்தீர்களா? கீழே போகப்போக இடர் கூடுகிறது. கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயத்துக்கு ஆய்வுகள் ஆதரவு தரவில்லை. கேட்கப்பட்டவர்களில் பலர் ஆறுதலடைகிறார்கள். ‘அப்படியெல்லாம் ஒன்னும் இல்லையே?’ என்று கேட்பதுதான் பயனற்றது. இல்லை என்ற பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

அடுத்து, நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து ஒரு தாளில் பாதுகாப்புத் திட்டம் எழுதவேண்டும். தனக்கு வரும் முன்னறிகுறிகள். தனியாக இருக்கும்போது மனத்தைத் திருப்பும் செயல்கள். போய் உட்காரக்கூடிய இடமும் ஆளும். உண்மையைச் சொல்லி உதவி கேட்கக்கூடிய உறவினர். மருத்துவர், உதவி எண்கள். வீட்டில் உயிருக்கு ஆபத்தானவை கைக்கெட்டாதபடி வைப்பது. பட்டியலில் கடைசியாக உள்ள இதை வீட்டார் அன்றே செய்யவேண்டும். நெருக்கடியின் உச்சம் பெரும்பாலும் சிறிது நேரமே நீடிக்கும் என்பதால் ஒரு தடையும் ஓர் ஆளும் அந்த நேரத்தைத் தாண்டவைக்கலாம். ‘இனிமேல் செய்யமாட்டேன்’ என்று எழுதி வாங்குவதும் சத்தியம் வாங்குவதும் காப்பதாகச் சான்றில்லை. உதவி எண்கள்: இந்தியா முழுவதும் டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் 104, சென்னையின் சினேகா 044-24640050, இலங்கையில் 1926. உயிரை விட ஏற்பாடு செய்யும் வரை போய்விட்டவரைத் தனியே விடாமல், உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிச்செல்லவேண்டும்.

குறிப்பேட்டில் ‘தற்கொலை அபாயம்: அதிகம்’ என்று எழுதி மூடுவதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: ‘இன்று இடர் கூடியுள்ளது. நான்கு இரவாகத் தூக்கமில்லை, லித்தியத்தைத் தாமே நிறுத்தியுள்ளார், எண்ணம் உண்டு, ஏற்பாடு இல்லை. மருந்து மீண்டும் தொடங்கப்பட்டது. மாத்திரைகள் அக்காவின் பொறுப்பில், ஒரு வாரத்துக்கு மட்டும். நாளை தொலைபேசியில் விசாரிக்க. நான்காம் நாள் நேரில்.’