பணம் யார் கட்டுகிறார்கள்? பிரிட்டிஷ், அமெரிக்கப் பண்பாடு படிக்கும் மாணவர்களுக்கு

பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் எடுத்துப் படிக்கிறவர்களுக்கு ஏதாவது ஒரு பருவத்தில் பிரிட்டிஷ், அமெரிக்கப் பண்பாடு என்று ஒரு தாள் வந்துவிடும். அந்தத் தாளை நான் பல வருடங்களாக நடத்தி வருகிறேன், விடைத்தாளும் திருத்துகிறேன். பிரிட்டிஷ்காரர்கள் அடக்கமானவர்கள், அமெரிக்கர்கள் மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார்கள், அங்கே அரச குடும்பமும் தேநீரும், இங்கே ஹாலிவுட்டும் தனிமனித சுதந்திரமும்... பெரும்பாலான விடைகள் இப்படித்தான் போகின்றன. தேர்ச்சி பெற இது போதும். ஆனால் மறுநாள் ஒரு நாவலையோ ஒரு செய்தியையோ எடுத்து வாசிக்க உட்கார்ந்தால் இதில் ஒரு வரிகூடக் கைகொடுக்காது, எனக்குக் கவலையே அதுதான்.

மக்களின் குணத்தை மனப்பாடம் செய்வதை விடுங்கள். அவர்கள் வாழ்க்கை எந்த ஏற்பாடுகளுக்குள் நடக்கிறது என்று பாருங்கள். உடம்புக்கு முடியாமல் போனால் பணம் யார் கட்டுகிறார்கள்? பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்பதை எது தீர்மானிக்கிறது? இந்த இரண்டை மட்டும் ஒழுங்காகப் பிடித்துக்கொண்டாலே நிறையப் புரிய ஆரம்பித்துவிடும்.

மருத்துவத்தையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. வரிப்பணத்தில் நடப்பது, சிகிச்சைக்குப் போகும்போது நோயாளி பெரும்பாலும் கையிலிருந்து பணம் எடுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் கதை வேறு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், அரசு சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு வைத்தது. சம்பளத்தைக் கூட்ட முடியாத கம்பெனிகள் ஆட்களை இழுக்க மருத்துவக் காப்பீட்டைச் சலுகையாகக் கொடுக்க ஆரம்பித்தன, அப்புறம் வரிச்சலுகையும் சேர்ந்துகொள்ள, காப்பீடு வேலையோடு ஒட்டிக்கொண்டது. முதியவர்களுக்கான மெடிகேரும் ஏழைகளுக்கான மெடிகெய்டும் 1965இல்தான் வந்தன. இது தெரிந்தால், ஓர் அமெரிக்கக் கதையில் நோயாளிக் குழந்தையின் அப்பா ஏன் பிடிக்காத வேலையை விடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார் என்பது புரியும். தெரியாவிட்டால் ‘அமெரிக்கர்கள் கடின உழைப்பாளிகள்’ என்று விடை எழுதுவோம். அதே சூழ்நிலையை லண்டனில் நடப்பதாக எழுதினால் அந்த முடிச்சே விழாது, எழுத்தாளர் வேறு காரணம் தேட வேண்டும்.

பள்ளிக்கூடம் இதைவிட ஆழமான விஷயம். 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எல்லாருக்கும் இலவச உயர்நிலைக் கல்வி கிடைத்தது, ஆனால் பெரும்பாலான இடங்களில் பதினொரு வயதில் ‘லெவன் பிளஸ்’ என்ற ஒரு தேர்வு குறுக்கே நின்றது. அதில் தேறிய பிள்ளைகள் கிராமர் பள்ளிக்குப் போய் அங்கிருந்து பல்கலைக்கழகத்தை எட்டிப் பார்க்கலாம், தேறாதவர்களில் பெரும்பாலோர் செகண்டரி மாடர்ன் பள்ளிக்குப் போய் சீக்கிரமே வேலையில் சேர வேண்டும். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். ஐம்பதுகளின் பிரிட்டிஷ் எழுத்தில், படித்த மகன் தொழிலாளியான அப்பாவோடு பேச வார்த்தை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் காட்சி வந்தால் அதன் பின்னால் பெரும்பாலும் இந்தப் பிரிவினை இருக்கும். 1965 முதல் அரசு எல்லாரையும் ஒன்றாகச் சேர்க்கும் பள்ளிகளை வலியுறுத்தியது. ஆனாலும் கென்ட் போன்ற சில பகுதிகளில் கிராமர் பள்ளிகள் இன்றும் உண்டு.

அமெரிக்காவில் பொதுப் பள்ளிகளுக்கான பணத்தில் ஒரு பெரிய பங்கு அந்தந்த வட்டாரத்தின் சொத்துவரியிலிருந்து வருகிறது, அதனால் வீடு எங்கே இருக்கிறது என்பதே பிள்ளையின் பள்ளியைத் தீர்மானித்துவிடுகிறது. சரி, வீட்டை எங்கே வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாமா? 1930களில் ஒரு கூட்டாட்சி நிறுவனமே கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாகத் தீட்டி, கடனுக்கு ஆபத்தான இடம் என்று வகைப்படுத்தியது. போரிலிருந்து திரும்பியவர்களுக்குக் கல்லூரிப் படிப்பும் வீட்டுக்கடன் உத்தரவாதமும் தந்த சட்டமும் அதே 1944இல் வந்ததுதான், ஆனால் அதை நடைமுறைப்படுத்தியது உள்ளூர் அதிகாரிகளும் வங்கிகளும் என்பதால் கறுப்பின வீரர்கள் பலருக்கு அது எட்டவே இல்லை. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1954இல். பிரிட்டனில் வர்க்கம் எங்கே வந்து நிற்கிறதோ, அந்த இடத்தில் அமெரிக்கப் பிரதிகளில் அடிக்கடி இனம் வந்து நிற்கிறது என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. முழு உண்மை இல்லை, இரண்டு நாட்டிலும் இரண்டும் உண்டு. தொடங்குவதற்கு ஒரு பிடி, அவ்வளவுதான்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்: இங்கிலாந்து வேறு, பிரிட்டன் வேறு. 1707இல் ஒன்றாகச் சேர்ந்தபோதும் ஸ்காட்லாந்து தன் சட்டத்தையும் தன் திருச்சபையையும் தனியாகவே வைத்துக்கொண்டது, கல்வி முறையும் தனி. ஹானர்ஸ் பட்டம் இங்கிலாந்தில் பொதுவாக 3 வருடம், ஸ்காட்லாந்தில் 4. மருத்துவர் எழுதித்தரும் மருந்துக்கு இங்கிலாந்தில் கட்டணம் உண்டு. வேல்ஸ் 2007இலும் வட அயர்லாந்து 2010இலும் ஸ்காட்லாந்து 2011இலும் அதை எடுத்துவிட்டன. அயர்லாந்துக் குடியரசு பிரிட்டனின் பகுதியே இல்லை, அதைச் சேர்த்து எழுதுவது வெறும் தகவல் பிழை என்று கடந்துபோக முடியாதது, பிரிட்டனிலிருந்து விடுபடுவதற்காக உயிர்விட்டவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவும் அப்படித்தான், மரண தண்டனை முதல் பள்ளிப் பாடத்திட்டம் வரை மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

மதத்தைப் பற்றிக் கேட்டால் மாணவர்கள் அநேகமாகத் தலைகீழாக ஊகிக்கிறார்கள். இங்கிலாந்தில் அரசுத் திருச்சபை இருக்கிறது, நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் அவையில் 26 ஆயர்களுக்கு இடம் உண்டு. ஆனால் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் மக்களில் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்று சொன்னவர்கள் 46.2 சதவீதம்தான். அமெரிக்க அரசமைப்போ அரசு மதம் என்ற ஒன்றையே தடுக்கிறது, ஆனால் அங்கே அரசியல் மேடையில் கடவுளின் பெயர் இல்லாமல் பேச்சு முடிவது அபூர்வம். சட்டத்தை மட்டும் படித்தாலும் தவறும், வாழ்க்கையை மட்டும் பார்த்தாலும் தவறும்.

சினிமா, தொடர்கள் பார்த்தே எல்லாம் தெரிந்துகொள்ளலாம் என்பவர்களுக்கு: பாருங்கள், நல்லதுதான், ஆனால் பார்க்கும்போதே அந்த இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். கட்சி நிறங்களையும் கவனியுங்கள். பிரிட்டனில் சிவப்பு தொழிலாளர் கட்சிக்கு, நீலம் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு. அமெரிக்காவில் சிவப்பு குடியரசுக் கட்சிக்கு, நீலம் ஜனநாயகக் கட்சிக்கு.

கடைசியாக, கையில் இருக்கும் நோட்ஸ் எந்த வருடத்தது என்று பாருங்கள். சீனியர்களிடமிருந்து கைமாறி வரும் நோட்ஸில் பிரபுக்கள் அவைதான் இன்னும் உச்ச நீதிமன்றம், 2009இல் தனி நீதிமன்றம் வந்தது அதில் இல்லை. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது 2020 ஜனவரி 31. கருக்கலைப்பு உரிமை பற்றிய 1973 தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் ரத்து செய்துவிட்டது. சந்தேகம் வந்தால் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் இணையதளமும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளமும் இருக்கின்றன, இரண்டுமே இலவசம். தேர்வுக்கு முந்தின நாள் போகாமல், பருவம் தொடங்கும்போதே போய்ப் பாருங்கள்.