பள்ளி வாசலில் வரும் வயிற்றுவலி

ஜூன் மாதக் காலையில் சென்னையின் ஏதாவது ஒரு மழலையர் பள்ளி வாசலில் பத்து நிமிடம் நின்றால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். தண்ணீர் பாட்டிலின் வாரைக் கடித்தபடி, அம்மாவின் துப்பட்டாவை விடாமல் பற்றிக்கொண்டு, “வயிறு வலிக்குது” என்று முனகுகிறது ஒரு மூன்றரை வயதுக் குழந்தை. “நடிக்கிறான், உள்ளே விட்டால் சரியாகிவிடுவான்” என்கிறார் பக்கத்தில் நிற்பவர். “பயந்திருக்கிறான், மந்திரித்துக்கொண்டு வா” என்கிறார் பாட்டி. மந்திரிப்பதை விட்டுவிட்டால், இருவரில் பாட்டியின் கணிப்பே சரியானது என்பேன். அந்த வலி பெரும்பாலும் நடிப்பன்று.

மூளையின் உட்பகுதியில் பாதாம் பருப்பின் வடிவில் அமிக்டலா என்றொரு பகுதி இருக்கிறது. ஆபத்தின் சாயல் தெரிந்தவுடன் உடலை உஷார்ப்படுத்துவது அதன் வேலை. கைக்குழந்தைப் பருவத்திலேயே அது இயங்கத் தொடங்கிவிடுகிறது. ஆனால் “ஒன்றுமில்லை, அமைதியாக இரு” என்று அதைக் கட்டுப்படுத்த வேண்டிய முன்மூளைப் புறணியோ இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டிருக்கும். மூன்று வயதில் மணியடிக்க ஆள் உண்டு, அதை நிறுத்தத்தான் ஆள் போதாது. மணியடித்ததும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் படபடக்கிறது, குடலுக்குப் போகும் இரத்தம் குறைந்து தசைகளுக்குத் திரும்புகிறது, வயிறு பிசைகிறது. பதற்றம் என்ற சொல் குழந்தைக்குத் தெரியாது. வயிறு என்ற சொல் தெரியும்.

அச்சம் வளர்ச்சியின் ஒரு பகுதியே. ஏறத்தாழ எட்டு மாதத்தில் புதுமுகம் கண்டு அழுவதும், ஒன்று, ஒன்றரை வயதில் தாயைப் பிரிய மறுப்பதும், மூன்று, நான்கு வயதில் இருட்டுக்கு அஞ்சுவதும் இயல்பானவை. கற்பனை பெருகிவிட்ட, ஆனால் மெய்யையும் பொய்யையும் பிரித்தறியும் திறன் இன்னும் கூடிவராத வயது அது. பூச்சாண்டி அந்த வயதில்தான் பலிக்கிறான்; சோறூட்டுவதற்காக அவனைக் கூப்பிடுவது நல்ல வழக்கமாக எனக்குத் தோன்றவில்லை. பிரிவச்சம் நான்கு வாரங்களுக்கு மேல் நீடித்து, வயதுக்கு மீறியதாகி, தூக்கத்தையும் சாப்பாட்டையும் விளையாட்டையும் கெடுக்கும்போதுதான் மருத்துவர்கள் அதைக் கோளாறாகக் கருதுகிறார்கள். பிறவிச் சுபாவத்துக்கும் இதில் பங்குண்டு. உளவியலாளர் ஜெரோம் கேகன் நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புதிய ஒலிகளையும் பொம்மைகளையும் காட்டியபோது, ஐந்தில் ஒன்று கை கால்களை உதறி அழுதது. அவற்றில் பல பின்னாளில் கூச்சமுள்ள குழந்தைகளாயின, எல்லாம் அல்ல.

அச்சம் எப்படி வேர்விடுகிறது என்பதைப் பள்ளி வாசலிலேயே பார்க்கலாம். மனம் கேட்காமல் தாய் குழந்தையை வீட்டுக்குத் திருப்பி அழைத்துப் போகிறார். ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் வயிற்றுவலி நின்றுவிடுகிறது. “அந்த இடம் ஆபத்தானது, விலகினேன், பிழைத்தேன்” என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது; உள்ளே போயிருந்தால் ஒன்றும் நேர்ந்திருக்காது என்று அறியும் வாய்ப்பு அதற்குக் கிடைக்கவில்லை. மறுநாள் வலி வாசலில் அல்ல, சீருடையைக் கண்டவுடனேயே தொடங்குகிறது. நேர்மாறாக, குழந்தை பொம்மையில் லயித்திருக்கும்போது சொல்லாமல் நழுவிவிடுவதும் ஆபத்துதான். அம்மா எந்த நொடியிலும் மறைந்துபோவாள் என்று கற்றுக்கொண்ட குழந்தை, வீட்டில் அவர் குளியலறைக்குப் போனாலும் கதவைத் தட்டத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது: சுருக்கமாக விடைபெறுவது, “சாதம் சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும் வருவேன்” என்று குழந்தைக்குப் புரியும் கடிகாரத்தில் நேரம் சொல்வது, சொன்னபடி வந்து நிற்பது.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த குழந்தை திடீரென்று மறுத்தால் கதை வேறு. அடியோ மிரட்டலோ தகாத தொடுதலோ நடந்ததா என்று முதலில் பொறுமையாக விசாரிக்க வேண்டும். வலி தொடர்ந்தால் குழந்தை மருத்துவர் வயிற்றையும் பார்த்துவிடட்டும். எழும்பூரில் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். இந்த வயதில் மருந்து முதல் சிகிச்சையன்று. பயிற்சி பெரும்பாலும் பெற்றோருக்குத்தான்.

வீட்டில் ஓயாமல் பேசிவிட்டு, பள்ளியில் மாதக்கணக்கில் வாயே திறக்காத குழந்தைகளும் உண்டு. சௌகார்பேட்டையில் மார்வாரி பேசும் வீட்டிலிருந்து வந்து, தமிழும் ஆங்கிலமும் கலந்த வகுப்பில் அமரும் குழந்தை சில மாதம் மௌனமாக இருப்பது மொழி பழகும் காலமாக இருக்கலாம். தெரிந்த மொழியிலும் வகுப்பில் பேச்சு வராவிட்டால் அது, சில இடங்களில் மட்டும் பேச்சு வராத ‘தேர்வு மௌனம்’ (selective mutism) எனப்படும் அச்சக் கோளாறாக இருக்கலாம், பிடிவாதமன்று. இதற்கான பயிற்சியில், வகுப்பு காலியான பிறகு தாயும் குழந்தையும் அங்கே விளையாடுவார்கள்; ஆசிரியர் முதலில் கதவருகே ஏதோ வேலையாக நிற்பார், சில நாள் கழித்து அடுத்த மேசைக்கு வருவார், பிறகு பாயின் ஓரத்தில் அமர்வார். குழந்தை முணுமுணுக்கும் முதல் சொல் அம்மாவின் காதுக்கானதாகவே இருந்தாலும், ஆசிரியர் திரும்பிப் பார்க்காமல் கட்டைகளை அடுக்கிக்கொண்டே இருப்பார்.